டயருக்குத் தூக்கம் வராது

செப்டம்பர் 8, திங்கள்

இன்று முதல் நான் விபத்துத் தடுப்பு அதிகாரி. சம்பளம் அதே, நாற்காலி அதே. மின்விசிறி மட்டும் என் பக்கம் திருப்பப்பட்டிருக்கிறது.

முதலாளி செங்கோடன் தன் லாரிகள் எல்லாவற்றிலும் டிரைவர் முகத்துக்கு நேராக ஒரு கேமரா மாட்டிவிட்டார். ஓட்டுகிறவர் கண்ணை மூடினால் அது கத்தும். கத்திய கையோடு அந்தக் காட்சியை ஒரு சிவப்புப் புள்ளி வைத்து என் கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் அனுப்பும். யார் எங்கே கண்ணை மூடினார் என்று பார்த்து எழுத வேண்டும். இதுவரை லோடு எழுதிக்கொண்டிருந்தேன், இனி கொட்டாவி எழுத வேண்டும்.

"போன வருசம் நம்ம வண்டி கவுந்ததெல்லாம் போதும் சுகுணா. தூங்கறவன் எவன்னு கண்டுபுடிச்சிரு. சாவிய வாங்கிட்டுப் போடான்னா தீர்ந்துது" என்றார் முதலாளி.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "தூங்கறவன எதுக்குக் கண்டுபுடிக்கோணும்? லாரி ஓட்டறவன் அத்தன பேரும் தூங்கறவந்தான்" என்றாள்.

அப்பா லாரி ஓட்டியவர். நான் எட்டாவது படிக்கும்போது அவர் வண்டி தருமபுரி தாண்டி ஒரு புளியமரத்தில் மோதி நின்றுவிட்டது. தூங்கிவிட்டார் என்றார்கள். அம்மா அழுததைவிடக் கோபப்பட்டதுதான் எனக்கு நினைவிருக்கிறது. "நம்மள நெனச்சிருந்தா அந்த மனுசனுக்குக் கண்ணு மூடியிருக்குமா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டாள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. எனக்கு வரன் கொண்டுவரும் தரகர் வாயில் லாரி டிரைவர் என்ற சொல் வந்துவிட்டால் அன்று அவருக்குக் காப்பி கிடையாது.

செப்டம்பர் 10, புதன்

கேமரா இந்தியில் கத்துகிறது. ஒரு டிரைவர் அதை ரேடியோ என்று நினைத்து ஸ்டேஷன் மாற்றப் பார்த்தாராம். தமிழில் பதிந்து போடச் சொன்னார் முதலாளி. அலுவலகத்தில் கத்தத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று ஒருமனதாக முடிவானது.

"கண்ணைத் திறங்க! தூக்கம் வந்தா வண்டிய ஓரங்கட்டுங்க!"

பதிந்ததைக் கேட்டபோது அம்மா பேசுவது மாதிரியே இருந்தது. கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 15, திங்கள்

காலையில் ஒரு டிரைவரின் மனைவி போனில் வந்தாள். "எங்கூட்டுக்காரரு வண்டியில ஒருத்தி உக்காந்துட்டுக் கண்ணத் தொற, கண்ணத் தொறங்கறாளாமா. எவ அவ?"

நான்தான் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். மீதியை எழுத மாட்டேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

முதல் கணக்கு. ஒரு சிவப்புகூட வாங்காத உத்தமர் குப்பண்ணன். எங்களிடம் இருப்பவர்களில் மூத்த டிரைவர், எப்போதும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். முதலாளி அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். கண்ணாடியைக் கழற்றாமலே போட்டோவுக்கு நின்றார்.

சிவப்பில் முதலிடம் அர்த்தநாரி. திருச்செங்கோட்டுக்காரர். தினமும் தவறாமல் வாங்குகிறார். அவருடைய காட்சிகளை மட்டும் மறுபடி மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது, கடமை. தூங்குகிற ஆள் மாதிரியே தெரியவில்லை. பாடுகிறார், தலையாட்டுகிறார், கை ஸ்டீயரிங்கில் உறுதியாக இருக்கிறது. நேற்று நீலச் சட்டை, இன்று கட்டம் போட்டது. கண் மட்டும் பிறவியிலேயே சின்னது, கத்தியால் கீறிவிட்ட மாதிரி. கேமராவுக்கு அது போதும்போல.

கல்யாணம் ஆகவில்லை. வேலைக்குச் சேரும்போது கொடுத்த விண்ணப்பத்தில் தற்செயலாகக் கண்ணில் பட்டது.

செப்டம்பர் 23, செவ்வாய்

முதலாளி அர்த்தநாரியைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் திட்டினார். "ஆயுத பூசை வரைக்கும் பாப்பேன். அதுக்கப்பறம் ஒரு சிவப்பு வந்துதுன்னாலும் சாவி என் மேசைக்கு வந்துரோணும்."

நாமக்கல்லில் தூங்குமூஞ்சி என்று பேர் வாங்கிய டிரைவரை வேறு எந்த லாரி ஆபீசும் படியேற்றாது. அது அவருக்கும் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

வெளியே போகும்போது பிடித்துக்கொண்டேன். "நெசமாவே தூங்கறீங்களா?"

"இல்லீங் அம்மணி. சிரிச்சாக் கண்ணு மூடிக்குமுங்க எனக்கு."

"ஓட்டும்போது என்ன சிரிப்பு?"

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உங்க சத்தம் வந்தாச் சிரிப்பு வந்துருதுங்க. சிரிச்சாக் கண்ணு மூடிருது. மூடுனா மறுக்கா நீங்க வைவீங்க. வைதா மறுக்காச் சிரிப்பு வருது."

வேறு யாரையாவது வைத்து மறுபடி பதிய வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 25, வியாழன்

பதிய நேரம் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

அர்த்தநாரியிடம் இன்னொன்றும் கேட்க வேண்டியிருந்தது. சிரிப்புப் போக, நிஜக் கொட்டாவியும் சில இருக்கின்றன. அவருக்கு மட்டுமில்லை, எல்லோருக்கும். எல்லாமே நாமக்கல்லிலிருந்து முட்டை ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குக் கிளம்பும்போதுதான் வருகின்றன. அங்கே போய்ச் சேரும்போதுதானே அலுப்பு வர வேண்டும்? கிளம்பும்போதே எப்படி?

"ஓட்டறதுல தூக்கம் வராதுங் அம்மணி. நிக்கறதுலதான் வருது" என்றார்.

விளக்கிச் சொன்னார். பெங்களூரில் முட்டையை இறக்கிவிட்டு, தாவணகெரே போய் மக்காச்சோளம் ஏற்றி, விடிய விடிய ஓட்டி நாமக்கல் கோழித்தீவன மில்லுக்கு வந்து சேர்கிறார்கள். மில் வாசலில் லாரி வரிசை ரோடு வரைக்கும் நிற்கும். ஒரு வண்டி உள்ளே போனால் எல்லா வண்டியும் ஒரு வண்டி நீளம் நகர வேண்டும். நகராதவனைப் பின்னால் இருப்பவன் முந்திவிடுவான். அதனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை கண் அசர முடியாது. இறக்கிய கையோடு அடுத்த முட்டை லோடு.

முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "நிக்கற வண்டிக்கு ஏது கண்ணு ஆக்சிடென்ட்டு? போய் ஓடற வண்டியப் பாரு" என்றார்.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

வண்டிகளையெல்லாம் கழுவி வரிசையாக நிறுத்தி, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டுப் பூசை நடந்தது. ஸ்டீயரிங், ஜாக்கி, ஸ்பேனர், என் கம்ப்யூட்டர், ஸ்டேப்ளர் எதற்கும் குறை வைக்கவில்லை. ஒவ்வொரு வண்டியிலும் ஏறி நானே என் கையால் சந்தனம் பூசி, குங்குமம் வைத்தேன். அர்த்தநாரி வண்டிக்குச் சந்தனம் கொஞ்சம் தாராளம். அவருக்குச் சிவப்பு வரக்கூடாது என்று மனதார வேண்டிக்கொண்டேன். பொரி கடலை நன்றாக இருந்தது.

அக்டோபர் 4, சனி

சிவப்பே இல்லை! ஒருவருக்கும் இல்லை! அர்த்தநாரிக்குக்கூட இல்லை!

சாமி கண்ணைத் திறந்துவிட்டது. முதலாளி ஆபீஸ் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். "எல்லாத்துக்கும் பயம் வந்துருச்சு பாத்தியா? எல்லாம் நீ போட்ட சத்தந்தான்" என்று எனக்கு மட்டும் இரண்டு துண்டு.

அக்டோபர் 8, புதன்

குப்பண்ணன் வண்டி கவிழ்ந்துவிட்டது.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். எனக்குப் போனில் சொன்னவர் அதைக் கடைசியாகத்தான் சொன்னார். ஓமலூர் பக்கம் நடுத்தடுப்பில் ஏறி வண்டி சாய்ந்திருக்கிறது. பின்னால் வந்த அர்த்தநாரிதான் வண்டியின் முன்கண்ணாடியை உடைத்து அவரை வெளியே இழுத்திருக்கிறார். குப்பண்ணனுக்குக் கையில் கட்டு. கறுப்புக் கண்ணாடி போன இடம் தெரியவில்லை.

ரோடு முழுக்க முட்டை. சனம் குண்டானோடு ஓடி வந்ததாம். வந்த பிறகுதான் புரட்டாசி மாதம் என்று ஞாபகம் வந்து பாதிப் பேர் பார்த்துக்கொண்டே நின்றார்களாம். மீதிப் பேர், எடுத்து வைத்து ஐப்பசியில் சாப்பிட்டால் தப்பில்லை என்று முடிவு செய்தார்களாம்.

நாள் முழுக்க மில் வரிசையில் நின்றுவிட்டு அப்படியே முட்டை ஏற்றிப் போனவர் குப்பண்ணன். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். "கண்ணு எரிச்சலுக்குத்தான் அம்மணி அந்தக் கண்ணாடி. உள்ள மூடுனாலும் யாருக்குத் தெரியும்? எனக்கே தெரியலியே" என்று அழுதார். உத்தமர் பட்டம் எப்படி வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

அக்டோபர் 9, வியாழன்

குப்பண்ணன் வண்டிக் கேமராவிலிருந்து நேற்றைய காட்சியை எடுத்துப் போட்டுப் பார்த்தோம். திரை முழுக்க ஒரே மஞ்சள். நடுவில் வட்டமாக ஒரு சிவப்பு.

முதலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது என்ன, சூரியோதயமா?"

சந்தனம். நடுவில் குங்குமம். எல்லா வண்டியிலும் லென்ஸ் மேலேயே வைத்திருக்கிறேன். கண்ணைத் திறந்ததாக நினைத்த சாமிக்கு நானே கண்ணைக் கட்டியிருக்கிறேன்.

"எவன் பண்ணுன வேல இது?" என்றார். நான்தான் என்றேன். மைசூர்பாகைத் திருப்பிக் கேட்கவில்லை, அந்த மட்டுக்குப் பெரிய மனுஷர். எல்லா லென்ஸையும் துடைக்கச் சொல்லிவிட்டார். ஈரத்துணியோடு வண்டி வண்டியாக ஏறி இறங்கினேன். அர்த்தநாரி வண்டியில்தான் தாமதமானது. தாராளமாகப் பூசினதல்லவா, போக மாட்டேன் என்றது. எனக்கும் துடைக்க மனமில்லை.

அக்டோபர் 13, திங்கள்

வந்துவிட்டது. மக்காச்சோளத்தோடு திரும்பி வரும் வழியில் அர்த்தநாரிக்கு ஒரு சிவப்பு. பார்த்தேன். சிரிப்புத்தான். பல் தெரிகிறது. பல்லைக் காட்டிக்கொண்டு யாராவது தூங்குவார்களா என்று முதலாளியிடம் வாதாடினேன்.

"குப்பண்ணனுக்கு வந்தது இவனுக்கு வரக்கூடாதுன்னுதான் சொல்றேன்" என்று காரை எடுத்துக்கொண்டு நேராக மில்லுக்குப் போனார். நான் ஸ்கூட்டியில் பின்னாலேயே போனேன்.

வரிசை ரோட்டில் நின்றது. அர்த்தநாரி வண்டி கடைசிக்குக் கொஞ்சம் முன்னால். முதலாளி கையை நீட்டினார். அர்த்தநாரி சாவியைக் கொடுத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். என் பக்கம் பார்க்கவேயில்லை. இவ்வளவுக்கும் காரணம் என் குரல் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் எதைச் சொன்னாலும் வேறு மாதிரி அர்த்தம் வரும்.

அப்போதுதான் முன்வண்டி நகர்ந்தது. பின்னால் எல்லோரும் ஹாரனில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். சாவி முதலாளி கையில். வண்டியில் ஆளில்லை.

"ஏனுங், நவுத்தறீங்களா இல்ல நாங்க தாண்டிப் போகட்டுங்களா?" என்றார் பின்வண்டிக்காரர்.

முதலாளியும் ஒரு காலத்தில் டிரைவர்தான். "நான் ஓட்டாத லாரியா?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். வேறு ஆள் வரும் வரை ஒரு மணி நேரம்தானே என்றார். வேறு ஆள் வரவில்லை. எல்லா டிரைவரும் ஏதாவது ஒரு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

வெயில் ஏறியது. நகர்ந்தார், நின்றார். நகர்ந்தார், நின்றார். இறங்கிப் போகலாம் என்றால் உடனே வரிசை நகர்ந்தது. மதியம் வீட்டிலிருந்து தயிர்சாதம் வந்தது. அதோடு முடிந்தது கதை. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வரிசை நகர, வண்டியும் நகர, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் முன்வண்டியின் முதுகில் போய் டொம்மென்று ஒரு முத்தம். உள்ளே இருந்து என் குரல் ரோட்டுக்கே கேட்டது:

"கண்ணைத் திறங்க! தூக்கம் வந்தா வண்டிய ஓரங்கட்டுங்க!"

என் போனில் சிவப்பு வந்து விழுந்தது. முதலாளி, வாய் திறந்தபடி, மீசையில் ஒரு பருக்கையுடன்.

இறங்கி வந்து மைல்கல் மேல் உட்கார்ந்தார். மீசைப் பருக்கையைத் தட்டிவிட்டார்.

"நான் ராத்திரி மெத்தையில தூங்கி எந்திரிச்சு வந்தவன் சுகுணா" என்றார் கடைசியில். "இவன் தாவணகெரேல இருந்து ஓட்டிட்டு வந்து இங்க உக்காந்திருக்கான். இதுக்கு மேல பெங்களூருக்கு வேற ஓட்டச் சொல்றேன். தூங்கறவன் எவன்னு கேட்டேனே, தூங்க உடாதவன் எவன்னு கேக்கலையே நானு."

அர்த்தநாரியைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார். அவர் சிரித்தார். கண் காணாமல் போனது. என் கண் கொஞ்சம் கலங்கியது, ரோட்டில் தூசி.

முன்வண்டிக்காரர் மட்டும் பம்பருக்கு நியாயம் கேட்டு நெடுநேரம் சண்டை போட்டார்.

அக்டோபர் 14, செவ்வாய்

நியாயம் புரிந்துவிட்டது, வழி தெரியவில்லை. வரிசையில் நிற்காமல் மில்லில் இறக்க முடியாது. நின்றால் தூங்க முடியாது. இடம் போய்விடும்.

அம்மா ரேஷன் கடையிலிருந்து தீபாவளிச் சர்க்கரை வாங்கி வந்தாள். முகத்தில் ஒரு சொட்டு வேர்வையில்லை. கூட்டமே இல்லையா என்றேன்.

"கூட்டத்துக்கென்ன கொறச்சல்? கல்ல வெச்சுட்டு நெழல்ல உக்காந்திருந்தேன். கல்லு நிக்கட்டும், நானெதுக்கு நிக்கறது? எவளாவது என்ற கல்லத் தாண்டிட்டுப் போயிருவாளா?"

அம்மாவைக் கட்டிப்பிடித்தேன். கல் வைத்ததற்கு யாராவது கட்டிப்பிடிப்பார்களா என்று திட்டினாள்.

அக்டோபர் 16, வியாழன்

தீவன மில்காரர் முதலாளிக்கு மச்சான் முறை என்பதால் பேச்சு சுலபமாக முடிந்தது. வந்து சேரும் ஒவ்வொரு லாரியும் ஒரு பழைய டயரில் வண்டி நம்பரைச் சுண்ணாம்பால் எழுதி வாசல் வரிசையில் வைக்க வேண்டும். லாரி எதிரே வேப்பமரத் தோப்பில் நிற்கும். டிரைவர் தூங்குவார். வரிசை நகர்ந்தால் வாட்ச்மேன் நாச்சிமுத்து டயர்களை உருட்டி முன்னால் வைப்பார். முறை வந்ததும் எழுப்புவார்.

முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். வெளியூர் லாரிக்காரர் ஒருவர் ஒரு டயரை எட்டி உதைத்துவிட்டு அந்த இடத்தில் வண்டியைச் சொருகினார். தோப்பில் தூங்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் எழுந்து வந்தார்கள். ரேஷன் கடையில் கல்லைத் தள்ளியவளுக்கு என்ன நடக்குமோ அதெல்லாம் அவருக்கும் நடந்தது. மதியம் அவரே டயரோடு வந்தார்.

அக்டோபர் 18, சனி

தீபாவளிக்கு முன்னால் சரக்கு நெருக்கடி. ஐப்பசி பிறந்ததும் முட்டைக்கும் உயிர் வந்துவிட்டது. டயர் வரிசை ரோடு வரைக்கும் நீண்டிருந்தது. சரியாக நடக்கிறதா என்று பார்க்க மில்லுக்குப் போயிருந்தேன். சாப்பாட்டை வீட்டிலேயே மறந்துவிட்டேன்.

அம்மா தூக்குப்போசியோடு வந்து நின்றாள். லாரி நிற்கும் இடத்துப் பக்கம் அவள் தலைவைத்துப் படுத்து எத்தனையோ வருடம் ஆகிறது. சும்மா வரவில்லை என்று அவள் பார்வை போன விதத்திலேயே தெரிந்தது.

தோப்பில் டிரைவர்கள் ஜமுக்காளம் விரித்து வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனாள். அர்த்தநாரிக்கு முன்னால் நின்றாள். கட்டம் போட்ட சட்டை, மார்பில் துண்டு. தூங்கும்போதும் அவர் கண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை.

"இந்தப் பையந்தானா உன்ற சத்தத்தக் கேட்டுச் சிரிக்கறது?"

யார் சொன்னது என்றேன். "நீதான். தெனமும் அதையத்தான் சொல்லிட்டிருக்க" என்றாள். நான் ஒரே ஒரு முறைதான் சொன்னதாக ஞாபகம்.

அந்த நேரம் பார்த்து வாசல் திறந்தது, ஒரு வண்டி உள்ளே போனது. நாச்சிமுத்து டீ குடிக்கப் போயிருந்தார். டயர்கள் நின்ற இடத்திலேயே நிற்க, பின்னால் புதிதாக வந்த ஒருவர், "இது யார்றா டயரு? நவுத்தறீங்களா, தூக்கி வீசட்டுமா?" என்று கத்தினார். அர்த்தநாரி வண்டி நம்பர். எழுப்பலாம் என்று நான் குனிந்தேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எழுப்பாத. தூங்கட்டும்."

தூக்குப்போசியைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் அந்த டயரை நிமிர்த்தி, தள்ளாடித் தள்ளாடி உருட்டிக்கொண்டு போய் முன்னால் வைத்தாள். கத்தியவர் வாயை மூடிக்கொண்டார். அப்படியே விட்டிருக்கலாம். அவள் அதற்குப் பின்னால் இருந்த டயரையும் உருட்டினாள், அதற்கும் பின்னாலிருந்ததையும். நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். யார் யார் டயரோ.

எல்லாம் முடிந்து கையைப் பார்த்தாள். கறுப்பாகியிருந்தது. தோப்புப் பக்கம் திரும்பி நின்றாள்.

"உங்கப்பாவும் அன்னிக்கு மில்லு லைன்ல நின்னுட்டுத்தான் போனாரு. சாப்பாடு குடுக்கப் போனப்பச் சொன்னாரு, 'ஒரு நாழி கண்ணு மூடுனாப் போதும் புள்ள'ன்னு." கையைத் தேய்த்துப் பார்த்தாள், கறுப்பு போகவில்லை. "எடம் போயிரும், வண்டிய நவுத்துங்கன்னேன் நானு."

இத்தனை வருடத்தில் இதை அவள் சொன்னதில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் கை ஒரே கறுப்பு. அழுகை வந்தது, அழுதோம். டிரைவர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் தரகர் வந்தார். ஈரோட்டில் பேங்க் வேலை, சொந்த வீடு என்று ஆரம்பித்தார். "இனி நீங்க அலைய வேண்டாமுங்க, பக்கத்துலயே பாத்துக்கறோம்" என்றாள் அம்மா. அவர் முகம் விழுந்துபோய் எழுந்தார்.

"உக்காருங்க, காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்று உள்ளே போனாள்.